ஊற்றாமல் ஏறிய எண்ணெய்

கார் என் மனைவியுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. வாங்கியது அவள், ஓட்டியது அவள், சர்வீஸுக்கு விட்டு எடுத்து வந்ததும் அவள். எனக்கும் லைசென்ஸ் உண்டு, காலாவதியாகாமல் புதுப்பித்தும் வைத்திருக்கிறேன். ஆனால் வண்டி வந்த முதல் மாதமே ரிவர்ஸ் எடுக்கும்போது எங்கள் வீட்டு கேட் தூணை இடித்துவிட்டேன். "தூண் நேத்தும் அங்கதாங்க இருந்துச்சு," என்றாள். அன்றோடு சாவி அவள் கைப்பைக்குள் போயிற்று. எனக்கும் அது வசதியாகவே இருந்தது.

மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபோது என்னிடம் இரண்டு வேலைகளைச் சொன்னாள். ஒன்று, படுக்கப் போகுமுன் கேஸ் சிலிண்டரை மூட வேண்டும். இன்னொன்று, "காலையில வண்டிய ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துங்க. இல்லன்னா பேட்டரி செத்துடும்." இரண்டையும் செய்தேன். அவள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகும் இரண்டையும் செய்துகொண்டிருந்தேன். நிறுத்தச் சொல்ல யாரும் இல்லை.

காலையில் எழுந்து, முகம் கழுவி, பேப்பரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போவேன். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்து பட்டனை அழுத்துவேன். இன்ஜின் கொஞ்சம் உரக்க உறுமி, பிறகு அடங்கும். அவள் உயரத்துக்குச் சரிசெய்த இருக்கை, முழங்கால் ஸ்டியரிங்கில் தட்டும். பின்னால் தள்ளலாம். தள்ளவில்லை. பேப்பரின் முதல் பக்கத்தைப் படித்து முடித்ததும் இன்ஜினை நிறுத்துவேன். எங்கள் ஊரில் விடிகாலைகள் குளிர்ந்தவை. கண்ணாடியில் படிந்திருக்கும் பனித்திரை விலகுவதற்குள் என் பக்கம் முடிந்துவிடும்.

ஸ்பீடோமீட்டருக்குக் கீழே சின்னத் திரை ஒன்று உண்டு. அதில் 'அடுத்த ஆயில் மாற்றம்: 6040 கி.மீ.' என்று வரும். அவள் கடைசியாக ஓட்டி வந்து நிறுத்தியபோது மிச்சமிருந்த தூரம் அது. வண்டி நகர்வதில்லை என்பதால் எண்ணும் நகராது. மழைக்காலம் வந்து போனது, அலுவலகத்தில் மேலதிகாரி மாறினார், எனக்கு மூக்குக் கண்ணாடி மாறியது. அது 6040-ஆகவே இருந்தது. ஒவ்வொரு நாளும் அதைப் பார்த்துவிட்டு, இன்னும் நிறைய இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

துக்கமாக இருக்கிறதா என்று பலர் கேட்டார்கள். குடிநீர் வாரியத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. 'தங்கள் கடிதம் கிடைத்தது, ஆவன செய்யப்படும்' என்று எழுதி எழுதிப் பழகியவன். கேட்டவர்களுக்கு "ஆமாங்க" என்றேன். அதுதான் பொருத்தமான பதில் என்று தோன்றியது. உள்ளே தேடிப் பார்த்தால் பல் பிடுங்கிய அன்று மரத்துப்போன தாடை மாதிரி இருந்தது. தொட்டால் தொட்டது தெரியும், அவ்வளவுதான்.

மகள் வேறு ஊரில் பல் மருத்துவமனையில் செயற்கைப் பல் செய்கிறாள். வாரம் தவறாமல் போன் செய்வாள். ஒரு நாள் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள்.

"அப்பா, என்கூட வேலை பார்க்கிற அக்கா ஒருத்தங்களுக்குக் கார் வேணுமாம். அம்மா வண்டியக் குடுத்துடலாமா?"

"எதுக்கு?"

"எதுக்கா? நீங்க ஓட்டறீங்களா?"

"தினமும் ஸ்டார்ட் பண்றேன்."

"ஷெட்டுக்குள்ள."

"நல்லாத்தான் பார்த்துக்கறேன்."

"பார்த்துக்கறது வேறப்பா, ஓட்டறது வேற. நின்ன இடத்துலயே நின்னு வீணாப் போகும். நீங்க ஓட்டினா உங்ககிட்டயே இருக்கட்டும், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஓட்டலைன்னா சனிக்கிழமை வரேன், ஞாயித்துக்கிழமை எடுத்துட்டுப் போறேன்."

 போனை வைத்த பிறகு ஷெட்டுக்குப் போய் நின்றேன். வண்டி என்னை விட்டுப் போகக் கூடாது. அது மட்டும் தெளிவாக இருந்தது. காரணம் கேட்டால் எழுதித் தர என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

சனிக்கிழமை காலை வந்தாள். பையைக்கூட உள்ளே வைக்காமல் பானெட்டைத் திறந்தாள். தாயிடம் கற்றது அது. ஆயில் அளவுக் கம்பியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி செருகி, உருவிப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. இன்னொரு தடவை துடைத்துச் செருகி எடுத்தாள்.

"அப்பா, ஆயில் ஊத்தினீங்களா?"

"இல்லையே."

"நிஜமாச் சொல்லுங்க. திட்டமாட்டேன்."

"பானெட் எப்படித் திறக்கறதுன்னே எனக்குத் தெரியாது."

கம்பியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதில் இரண்டு குறிகள். கீழ்க் குறிக்கும் மேல் குறிக்கும் நடுவில் எண்ணெய் இருக்க வேண்டுமாம். எங்கள் எண்ணெய் மேல் குறியைத் தாண்டி, விரல் அகலம் மேலே நின்றது.

"எண்ணெய் குறையும், கேள்விப்பட்டிருக்கேன். ஊத்தாம எப்படிப்பா ஏறும்?"

 சட்டென்று மதிற்சுவரைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருகாலத்தில் நாலைந்து லாரிகள் வைத்திருந்தவர். லாரிகளை விற்று வெகுகாலமாகியும் லாரிக்காரர் என்றுதான் அழைக்கிறோம். எந்த வண்டிக்கும் கெட்டியான எண்ணெய்தான் நல்லது என்பது அவர் கொள்கை. நான் காலையில் இன்ஜினை ஓடவிடும்போதெல்லாம் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்கிட்ட ஒரு கேன் இருக்கு சார், தேன் மாதிரி இருக்கும், ஊத்திப் பாருங்க," என்பார்.

மகள் குரல் கொடுத்தாள். தலை வந்தது.

"மாமா, எங்க வண்டியில நீங்க ஆயில் ஊத்தினீங்களா?"

"நானா? நான் ஊத்தியிருந்தா தெருவையே கூப்பிட்டுச் சொல்லிட்டுல்ல ஊத்தியிருப்பேன்!"

அது உண்மை. ரகசியமாக எதையும் செய்கிற ஆள் அல்ல அவர். "ஏறியிருக்கா? அப்ப உங்கப்பா கை ராசி. என் லாரிகளுக்கு இந்த ராசி இருந்திருந்தா நான் ஏன் விக்கறேன்?" என்று சொல்லித் தானே சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை என்று கண்டதும் தலை இறங்கிவிட்டது.

மகள் எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திருகி எடுத்தாள். மூடியின் உட்புறத்தில் பாலாடை போல, வெளிர்பழுப்பாக ஏதோ திரண்டிருந்தது. 

"தண்ணி கலந்திருக்குப்பா. இன்ஜினுக்குள்ள தண்ணியையும் ஆயிலையும் பிரிக்கிற கேஸ்கெட் போயிருந்தா இப்படித்தான் ஆகும்னு அம்மா சொல்வாங்க. அப்படின்னா..." முடிக்காமல் மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். "அப்படின்னா அந்த அக்காவுக்கும் குடுக்க முடியாது, நீங்களும் வச்சுக்க முடியாது. பழைய இரும்புக்குத்தான் போகும்."

என்ன செய்தேன் நான்? சொன்னதைத்தான் செய்தேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. ஜுரமாக இருந்த நாளிலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வந்து பட்டனை அழுத்தினேன்.

மெக்கானிக்குக்குப் போன் செய்தோம். "ஸ்டார்ட் பண்ணாதீங்க, கை வைக்காதீங்க, வந்துடறேன்," என்றார். அவரை எங்கள் பகுதியில் மூக்கர் என்பார்கள். மூக்கு ஒன்றும் பெரிதல்ல. எந்த வண்டியையும் முகர்ந்து பார்த்த பிறகுதான் வாயைத் திறப்பார், அதனால் வந்த பெயர். முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் கோபிக்க மாட்டார். என் மனைவி டீச்சர் என்பதால் அவருக்கு அவள் டீச்சரம்மா.

வந்தவர் முதலில் இன்ஜினைக் குளிர்விக்கும் நீர் இருக்கும் கூலன்ட் டப்பாவைப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. நிறமும் மாறவில்லை. பிறகு அளவுக் கம்பியை எடுத்து மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

"பெட்ரோல்," என்றார்.

"கேஸ்கெட் இல்லையா?" மகள் கேட்டாள்.

"கேஸ்கெட்டாவது கத்திரிக்காயாவது. கூலன்ட் ஒரு சொட்டு குறையல, பாருங்க. சார், வண்டி ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடுது?"

"ஓடறதில்ல. ஸ்டார்ட் மட்டும் பண்றேன்."

"எவ்வளவு நேரம்?"

"பேப்பர்ல முதல் பக்கம் படிக்கிற நேரம்."

"டெய்லியா?"

"டெய்லி."

அவர் என் மகளைப் பார்த்தார். மகள் தரையைப் பார்த்தாள்.

"சார், புது மாடல் இன்ஜின் இது. பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ள பீச்சும். குளிர்ந்து கிடக்கிற இன்ஜினை எழுப்பணும்னா கூடுதலா பீச்சும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர்ல வழிஞ்சு கீழ ஆயில்ல இறங்கும். வண்டி ரோட்டுல ஓடி நல்லா சூடானா அது ஆவியாப் போயிடும். நீங்க சூடாகறதுக்கு முன்னாடி நிறுத்திட்டீங்க. மறுநாள் மறுபடியும் கொஞ்சம். அப்படியே சேர்ந்து சேர்ந்து ஏறியிருக்கு. மூடியில இருக்கிறது வெறும் ஈரம். இன்ஜின் வேர்த்த வேர்வை, காயறதுக்கு வழியில்லாம நின்னுடுச்சு."

"ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச நேரம் ஓடவிட்டா நல்லதுதானே?" என்றேன்.

"நிக்கிற வண்டிக்கு அதைவிடக் கெடுதல் இல்ல சார். பேட்டரியும் சரியா ஏறியிருக்காது."

"அம்மா ரெண்டு வாரத்துக்குச் சொன்னாங்கப்பா," என்றாள் மகள். குரல் உயரவில்லை. "திரும்பி வந்து அவங்க ஓட்டற வரைக்கும்னு சொன்னாங்க."

இதை நான் யோசித்துப் பார்த்ததில்லை. ஓர் உத்தரவு வந்தால், ரத்து என்று இன்னொன்று வரும்வரை அது நடப்பில் இருக்கும். அலுவலகத்தில் அப்படித்தான்.

"இன்ஜின் போயிடுச்சா?" என்று கேட்டேன். என் குரல் யாரோ பேசுவது போலக் கேட்டது.

"இந்த ஆயிலோட ரோட்டுல விரட்டியிருந்தா போயிருக்கும். பெட்ரோல் கலந்த ஆயில் வழுக்காது சார், தேய்ச்சுடும். நீங்க விரட்டல. அந்த மட்டும் தப்பிச்சுது. உடனே மாத்தணும்."

"ஆனா திரையில இன்னும் ஆறாயிரத்துக்கு மேல இருக்கே?"

"அது கிலோமீட்டரை மட்டும் எண்ணும் சார். மாசம் எண்ணாது, நின்ன நேரம் எண்ணாது. அதுக்கு என்ன தெரியும்?"

எண்ணெய் எது என்பதில் ஒரு சண்டை நடந்தது. மூக்கர் தன் கேனைக் கொண்டு வந்திருந்தார். அதில் 5W-40 என்று போட்டிருந்தது. மகள் வண்டியின் கையேட்டை எடுத்து வந்தாள். அதில் 0W-20, முழு சிந்தெடிக், அதாவது முழுக்கச் செயற்கை எண்ணெய் என்று இருந்தது.

"ஜீரோ டபிள்யூ எல்லாம் தண்ணி மாதிரி பாப்பா. கொஞ்சம் கெட்டியா இருந்தாத்தான் இன்ஜினுக்குத் தெம்பு."

சுவருக்கு மேலே தலை வந்தது. "அப்படிச் சொல்லுங்க! நான் இதைத்தான் சொல்லிக்கிட்டே இருக்கேன். தேன் மாதிரி இருக்கணும்!"

"தேனை ஊத்தினா எறும்புதான் வரும் மாமா," என்றாள் மகள்.

நான் கையேட்டை வாங்கி அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து படித்தேன். படிப்பது எனக்கு வரும். W-க்கு முன்னால் இருப்பது குளிரில் எண்ணெய் எவ்வளவு இளகி ஓடும் என்பதற்கு. எண் குறையக் குறைய விடிகாலையில் எண்ணெய் இன்ஜினுக்குள் சீக்கிரம் மேலே ஏறும். பின்னால் இருப்பது சூடான பிறகு எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. இந்த இன்ஜினின் துவாரங்கள் குறுகலானவை, வால்வுகள் திறந்து மூடும் நேரத்தை மாற்றுவதே எண்ணெயின் அழுத்தம்தான், ஆகவே கெட்டி எண்ணெய் கூடாது என்று தடித்த எழுத்தில் இருந்தது. அடுத்த பக்கத்தில் இரண்டு அட்டவணைகள். சாதாரண ஓட்டத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது. குளிரில் குறுகிய தூரம், நின்றபடி இன்ஜினை ஓடவிடுதல் என்றால் அதில் பாதி. அந்த இரண்டாவது அட்டவணையைச் சுற்றி அவள் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தாள். டீச்சர் போடும் வட்டம், ஆரம்பித்த இடத்திலேயே சரியாக முடிந்திருந்தது.

இது எங்களுக்குள் பழைய தகராறு. பத்தாயிரம் ஓடலாம் என்று வண்டியே சொல்லும்போது ஏன் பாதியில் மாற்றுகிறாய் என்று கேட்பேன். "நான் போறது பக்கத்துத் தெரு ஸ்கூலுக்கு. இன்ஜின் கண்ணு முழிக்கறதுக்குள்ள ஸ்கூல் வந்துடுது. வண்டிக்கு என்னங்க தெரியும், ஓட்டறவளுக்குத்தானே தெரியும்?" என்பாள். நான் பேப்பருக்குத் திரும்பிவிடுவேன்.

கையேட்டை மூக்கரிடம் காட்டினேன். கை துடைத்துவிட்டு வாங்கிப் படித்தார். "சரி, எழுதினவன் இன்ஜினைப் பண்ணினவன். அவன் சொல்றதையே ஊத்துவோம். பாதியில மாத்தற விஷயத்துல டீச்சரம்மா பக்கம்தான் நான், அதையும் குறிச்சுக்குங்க," என்றார். மகள் கடைக்குப் போய் 0W-20 வாங்கி வந்தாள். கேனின் பின்பக்கத்தில் இருந்த தரக் குறியீடும் கையேட்டில் இருப்பதும் ஒன்றுதானா என்று எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றுதான்.

மூக்கர் வண்டிக்கு அடியில் தட்டை வைத்து அடி நட்டைக் கழற்றினார். பழைய எண்ணெய் வந்தது. ஒழுகவில்லை, கொட்டியது. கறுப்பாக, கனமே இல்லாமல். ஷெட் முழுக்கப் பெட்ரோல் வாடை. என் மனைவி போட்டுவிட்ட எண்ணெய் அதற்குள் எங்கோ இருந்தது, என் பெட்ரோலோடு. கடைசிச் சொட்டு விழும்வரை நின்று பார்த்தேன். ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். கால் வலித்தது, அதுதான் தோன்றியது. பிறகு ஃபில்டரை மாற்றினார். புது எண்ணெய் ஊற்றினார். அது பொன்னிறமாக, சத்தமில்லாமல் இறங்கியது. மகள் கம்பியை எடுத்துக் காட்டினாள். இரண்டு குறிகளுக்கும் நடுவில் இருந்தது.

"ரீசெட் பண்ணிடட்டா சார்?" மூக்கர் கதவைத் திறந்து திரையைக் காட்டினார்.

"இருக்கட்டும்."

"இருந்தா தப்புக் கணக்குல ஓடும் சார்."

"அது சரிதான். ஆனா இருக்கட்டும்."

அவருக்குப் புரியவில்லை. மகள் என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். அவளுக்கு அந்த எண்ணைப் பற்றி நான் சொன்னதில்லை. ஆனாலும் மூக்கரின் கையை மெல்ல விலக்கிவிட்டு, "அப்பாவே பண்ணட்டும்," என்றாள்.

உட்கார்ந்தேன். ஸ்டார்ட் பட்டனை விட்டுவிட்டு இன்னொரு பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும் என்றார் மூக்கர். பிடித்தேன். 6040 சிமிட்டியது. விரலை எடுத்திருந்தால் அப்படியே நின்றிருக்கும். எடுக்கவில்லை. எண் அழிந்து 10000 வந்தது. ஒன்றும் ஆகவில்லை. வானம் இடியவில்லை, என் கண்ணும் கலங்கவில்லை. மூக்கர் தன் பையை மூடிக்கொண்டிருந்தார்.

"இப்ப ஒரு ரவுண்டு போய் வாங்க," என்றார். "சூடு காட்டற முள் நடுவுக்கு வந்ததும் சூடாயிடுச்சுன்னு திரும்பிடாதீங்க. அது தண்ணியோட சூடு. ஆயில் சூடாக இன்னும் அவ்வளவு தூரம் போகணும்."

மகள் சாவிக்குக் கையை நீட்டினாள். நான் இருக்கையின் கீழே துழாவி, அந்தப் பிடியைத் தூக்கி, இருக்கையைப் பின்னால் தள்ளினேன். முழங்கால் விடுபட்டது. மகள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, சுற்றி வந்து பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட் போட்டாள்.

"அப்பா, தூண்."

"தெரியும்."

"நேத்தும் அங்கதான் இருந்துச்சு."

"தெரியும்மா."

தூணுக்கும் எனக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி விட்டே வெளியே வந்தேன். லாரிக்காரர் தெருவுக்கே ஓடி வந்து, விமானத்தை இறக்குகிறவர் போல இரண்டு கையையும் வீசி வழி காட்டினார். எதிரே வண்டியே இல்லை. முதல் சிக்னலில் பச்சை விழுந்தும் நான் நின்றுகொண்டிருக்க, பின்னால் இருந்தவர் ஹாரனிலேயே பேசினார். புறவழிச் சாலைக்கு வந்ததும் இடது ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். எங்களை எல்லோரும் முந்தினார்கள். ஒரு டிராக்டரும் முந்தியது.

"நல்லா ஓட்டறீங்கப்பா," என்றாள் மகள், டிராக்டரைப் பார்த்தபடி.

முள் மெல்ல ஏறி நடுவில் வந்து நின்றது. அதை நான் இந்த வண்டியில் பார்த்ததே இல்லை. வீட்டுக்குத் திரும்பும் வளைவு வந்தது. வண்டியை நேராக விட்டேன்.

கொஞ்ச தூரத்தில் அவள் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். "சொல்லுங்கக்கா... ஆமா, அப்பா வீட்டுக்குத்தான் வந்திருக்கேன்..." எதிர்முனையில் நீளமாக ஏதோ கேட்டார்கள். நான் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.  "இல்லக்கா," என்றாள் மகள். "வண்டி ஓடிக்கிட்டிருக்கு. நீங்க வேற பார்த்துக்குங்க."

போனை மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. நான் ஒரு கையை எடுத்து அவள் கையைப் பிடிக்க நினைத்தேன். ஆனால் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டிய நிலையில்தான் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். "சூடாகட்டும்," என்றேன்.  "ஆகட்டும்ப்பா," என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

ஞாயிற்றுக்கிழமை அவள் பஸ்ஸில் ஊர் திரும்பினாள்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போலப் பேப்பரோடு ஷெட்டுக்குப் போனேன். பிரேக்கை மிதித்த பிறகுதான் நினைவு வந்தது. பட்டனை அழுத்தாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, உள்ளே வந்து மேசையில் வைத்துப் பேப்பரைப் படித்தேன். இரண்டாம் பக்கமும் படித்தேன்.

அலுவலகம் நடக்கிற தூரம், அதற்கு வண்டி எடுத்தால் மறுபடி அதே கதைதான். ஆகவே வார விடுமுறையில் எடுக்கிறேன். போக இடம் என்று ஒன்றும் கிடையாது. புறவழிச் சாலை பிரியும் இடத்தில் பெட்ரோல் பங்க் இருக்கிறது, அதுவரை போய்த் திரும்புவேன். ஆறு மாதத்தில் மூக்கரிடம் விட வேண்டும் என்று நாள்காட்டியில் குறித்திருக்கிறேன். திரை என்ன சொன்னாலும்.

போன வாரம் கேட்டைத் திறக்கும்போது சுவருக்கு மேலே தலை வந்தது.

"எங்க சார் கிளம்பிட்டீங்க?"

"இன்ஜினைச் சூடாக்க."

"சூடாக்கிட்டு?"

"திரும்பி வந்துடுவேன்."

"இதுக்கு வீட்டுலயே அடுப்புல ஏத்தி வைக்கலாமே சார்!" என்றார் லாரிக்காரர். கொஞ்சம் நின்று, "நானும் வரட்டா?" என்றார்.

பக்கத்து இருக்கையில் கிடந்த துடைக்கும் துணியை எடுத்துப் பின்னால் போட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வரும்வரை தெருவில் காத்திருந்தேன். திரையில் 9612 என்று இருந்தது.